தலைநகரத்தின் மேல் செங்கல் அறுக்கிறவர்கள்

ட்ரோவுலானில் முதலில் கண்ணில் பட்டது சூளைப் புகைதான். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், சுரபாயா நகரத்திலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மொஜோகெர்த்தோவைத் தாண்டிப் பெருஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைக்குத் திரும்பினால் இரண்டு பக்கமும் கரும்பு, நெல், நடுநடுவே தாழ்வான கொட்டகைகள், கொட்டகைக்குள் வரிசை வரிசையாகக் காயும், இன்னும் சுடாத பச்சைக்கல், காற்றில் உமி எரியும் வாசனை. எங்கள் ஊர்ப் பக்கமும் சூளைகள் உண்டு, அதனால் அந்த வாசனை எனக்குப் பழகியதுதான். அந்தச் சூளைகள் எதன்மேல் நிற்கின்றன என்பதுதான் புதிதாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் தென்கிழக்காசியாவின் பெரிய நகரங்களில் ஒன்றாக இருந்த மஜாபாகித் தலைநகரம் அந்த வயல்களுக்கு அடியில், பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லாமல், புதைந்து கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து, அதே மண்ணை வெட்டி, இன்றைக்கும் கல் அறுத்துச் சுடுகிறார்கள்.

வேலை நிமித்தமாக நான்கு வருடம் சுரபாயாவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் பிடித்து ட்ரோவுலான் போய்விடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. இந்தோனேசியாவின் பண்பாட்டு அடையாளம் எது, அது எங்கிருந்து வருகிறது என்று நண்பர்கள் கேட்கும்போது பொரோபுதூரும் பாலி நடனமும் எனக்கு இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருகின்றன. முதலில் வருவது இந்தச் சூளை ஊர். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1293இல் குப்லாய் கானின் படை ஜாவாவில் வந்திறங்கியது. அந்தப் படையைக் கொண்டே தன் எதிரியை வீழ்த்திவிட்டு, அப்புறம் அதே படையைத் திருப்பி அடித்துக் கடலுக்கு விரட்டினான் ராடன் விஜயா என்ற இளவரசன். அவன் தொடங்கிய அரசுதான் மஜாபாகித். பெயரின் பொருள் நமக்குச் சட்டென்று பிடிபடும்: மாஜா என்றால் வில்வம், பாகித் என்றால் கசப்பு. காட்டை வெட்டி ஊர் அமைத்தவர்கள் பறித்துத் தின்ற வில்வப்பழம் கசந்ததாம், அதனால் வந்த பெயர் என்று கதை சொல்கிறார்கள். 1350 முதல் 1389 வரை ஹயாம் வுரூக் ஆண்ட காலம் அதன் உச்சம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு மறைந்தது. ஊரைத் தேக்கங்காடு மூடியது. 1815இல், அப்போது ஜாவாவின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த ராஃபிள்ஸ் வந்து பார்த்தபோது காட்டுக்குள்தான் இடிபாடுகளைத் தேட வேண்டியிருந்தது.

அங்கே எனக்குப் பழக்கமானவர் ஒரு சூளைக்காரர். எழுபது வயதைத் தாண்டியவர். ஜாவாவில் தாத்தா பாட்டி வயதுக்காரர்களை ம்பா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை மாஸ் என்பார், இளைஞர்களை மரியாதையோடு அழைக்கும் சொல். பழகிய முதல் நாளே தன் மண் குழிக்குள் இறக்கிக் காட்டினார். குழியின் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் ஒரு வரிசைக் கற்கள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன, கூடவே கூரை ஓட்டுத் துண்டுகள், நீலக்கோடு போட்ட ஒரு சீனப் பீங்கான் சில்லு. பழைய சூளையா என்று கேட்டேன். "இல்லை மாஸ், ராஜா காலத்து வீடு" என்றார், பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல. ஒரு கல்லை உருவிக் கையில் கொடுத்தார். அவர் அறுக்கும் கல்லைவிட நீளமும் அகலமும் கூடுதல், ஒரு கையில் ஏந்த முடியாத கனம். தட்டினால் இன்னும் கணீரென்றது.

அவர் பையனாக இருந்த காலத்தில் இந்தப் பழைய கற்களுக்கு வேறொரு மதிப்பு இருந்ததாம். இடித்து மாவாக்கி, சலித்து, சுண்ணாம்போடு கலந்து கட்டடம் கட்டப் பயன்படும் 'செமென் மெரா', அதாவது சிவப்பு சிமெண்ட் என்று விற்பார்கள். ஊரில் நிறையக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. எத்தனை சுவர்கள், எத்தனை தளங்கள் அப்படி மாவாகிப் போயிருக்கும் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது, கோபமும் வந்தது. அவர்மேல்கூட வந்தது என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் மெல்ல மெல்லத்தான் அந்தத் தொழிலின் கணக்கு புரிந்தது. மேட்டு நிலத்தில் வாய்க்கால் தண்ணீர் ஏறாது, நெல் போட முடியாது. அந்த மேட்டு மண்ணைச் சூளைக்குக் குத்தகைக்கு விட்டால் நிலக்காரருக்குக் கையில் பணமும் வருகிறது, ஒன்றிரண்டு மீட்டர் வெட்டி எடுத்த பிறகு நிலம் தாழ்ந்து தண்ணீரும் பாய்கிறது. வயல் இல்லாதவருக்கோ சூளைதான் வயல். 2010ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சின்னச் சட்டப்படி பழம்பொருள் எதைக் கண்டெடுத்தாலும் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், ஈட்டுத்தொகைக்கும் வழி உண்டு. ம்பா இரண்டு தடவை தெரிவித்திருக்கிறார், ஒருமுறை ஒரு சுடுமண் தலை, இன்னொருமுறை காசுகள் இருந்த பானை. "பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம் மாஸ், சுவரை எப்படித் தூக்குவது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கலாம், குத்தகைக்கு எடுத்த குழிக்குள் நிற்கிறவரிடம் பதில் இல்லை. கையில் தூக்க முடிந்தவை அருங்காட்சியகம் போகின்றன. தெருக்களும் வாய்க்கால்களும் வீட்டுத் தளங்களும், அதாவது ஒரு நகரம் எப்படி இயங்கியது என்று சொல்லக்கூடிய அத்தனையும், அடுத்த சூளைக்கான மண்ணோடு போய்விடுகின்றன.

சேதத்தை ஏழைகள் மட்டும் செய்யவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2008இன் இறுதியில், மஜாபாகித்தைக் கொண்டாடுவதற்காகவே அரசு ஒரு தகவல் மையம் கட்டத் தொடங்கியது. அதன் அடித்தளத்துக்குத் தோண்டிய குழிகள் பழைய சுவர்களையே அறுத்துக்கொண்டு இறங்கின. தொல்லியலாளர்களும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்த பிறகு, 2009 தொடக்கத்தில் வேலை நிறுத்தப்பட்டது. 2013இல் ஓர் இரும்பு ஆலை வர இருந்தபோது எதிர்த்து நின்றவர்களில் அந்தக் கிராமங்களின் மக்களும் இருந்தார்கள். அந்த வருடக் கடைசியில்தான் ஏறக்குறைய 92 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தேசியப் பண்பாட்டுச் சின்னப் பகுதி என்று அரசு அறிவித்தது. உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ட்ரோவுலான் 2009 முதல் காத்திருக்கிறது.

இந்த ஊரின் அருங்காட்சியகத்தில் எனக்கு மிகப் பிடித்தது அரசர்களின் பொருள் எதுவுமில்லை, சுடுமண் பன்றிகள். முதுகில் ஒரு கீறல், வயிறு உருண்டை. காசு போடும் உண்டியல்கள். பெரும்பாலானவை உடைந்துதான் கிடைத்தன, காசை எடுக்க உடைத்துத்தானே ஆகவேண்டும்! இந்தோனேசிய மொழியில் உண்டியலுக்கு இன்றும் செலெங்கான் என்றுதான் பெயர், செலெங் என்றால் காட்டுப்பன்றி. ஜாவாவில் பெரும்பான்மையோர் முஸ்லிம்களாகிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, பன்றி அவர்கள் சாப்பாட்டில் இல்லை, வீட்டில் இல்லை. ஆனால் பிள்ளைகள் காசு சேர்க்கும் பெட்டியின் பெயருக்குள் அது அப்படியே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பன்றியைப் பார்த்து 'செலெங்கான்!' என்று பள்ளிப் பிள்ளைகள் கத்தியதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. அறுநூறு வருடப் பொருளைக் கண்டதும் அதன் பெயரைச் சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, அந்தத் தேக்கங்காட்டுக்குள் இருந்தது இன்ன நகரம், இன்ன இடத்தில் அரண்மனை, இன்ன திசையில் சந்தை என்று எப்படித் தெரிந்தது? இதைத்தான் நான் யாரிடம் பேசினாலும் கட்டாயம் சொல்வேன். 1365இல் எம்பு பிரபஞ்சா என்ற புனைபெயரில் அரசவையின் பௌத்த அதிகாரி ஒருவர் ஒரு நீண்ட கவிதை எழுதினார். தேசவர்ணனம் என்பது அவர் வைத்த பெயர், நாகரகிருதாகமம் என்று உலகம் அறிகிறது. நகரத்தை அவர் வருணிக்கத் தொடங்குவதே அரண்மனையைச் சுற்றி நின்ற கனத்த, உயர்ந்த, சிவந்த செங்கல் மதிலிலிருந்துதான். இந்தக் கவிதை ஜாவாவில் ஒரு பிரதிகூட இல்லாமல் மறைந்துபோனது. 1894இல் லொம்போக் தீவின் சக்ரநெகாரா அரண்மனையை டச்சுப் படை தாக்கி எரித்தபோது, படையோடு போயிருந்த பிராண்டஸ் என்ற மொழியறிஞர் அங்கிருந்த ஓலைச்சுவடிகளைக் காப்பாற்றினார். அந்தக் கட்டுகளுக்குள் இது இருந்தது. லொம்போக்கின் அந்த அரச குடும்பம் பாலியிலிருந்து வந்தது. ஓலை எத்தனை காலம் தாங்கும் என்று நமக்குத் தெரியும், புழு விடாது, ஈரம் விடாது. ஆகவே 1365இலிருந்து 1894 வரை, தலைநகரம் அழிந்து, அரசு அழிந்து, மதம் மாறி, யாரோ ஒருவர் தன் தலைமுறையில் உட்கார்ந்து எழுத்தாணியால் முழுக் கவிதையையும் மறுபடி கீறியிருக்கிறார், அவருக்கு அடுத்து இன்னொருவர், அவருக்கு அடுத்து இன்னொருவர். அவர்களில் எவரும் ட்ரோவுலானைப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். 1970களில் பாலியிலும் பிரதிகள் கிடைத்தன. நெதர்லாந்தின் லைடனுக்குப் போன ஓலைக்கட்டு 1973இல் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது.

1920களில் ஹென்றி மெக்லேன் பொந்த் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர், மொஜோகெர்த்தோவின் ரீஜண்டாக, அதாவது மாவட்டத் தலைவராக இருந்த க்ரொமோஜயோ அதினெகரோவோடு சேர்ந்து 1924இல் ஒரு தொல்பொருள் சங்கம் தொடங்கி, இந்தக் கவிதையின் வரிகளை வைத்துக்கொண்டே ட்ரோவுலான் வயல்களில் நகரத்தின் அமைப்பைத் தேடினார். நினைத்துப் பாருங்கள், செங்கல் ஒரு தீவில் மண்ணுக்குள் ஊமையாகக் கிடந்தது, அதைப் பற்றிய சொல் இன்னொரு தீவில் ஓலையில் உயிரோடு இருந்தது. ஓலை இல்லாமல் தோண்டியிருந்தால் கிடைத்திருப்பது பெயர் தெரியாத ஒரு செங்கல் ஊர். செங்கல் இல்லாமல் ஓலை மட்டும் இருந்திருந்தால் யாரோ ஒரு புலவரின் மிகைக் கற்பனை என்று ஒதுக்கியிருப்பார்கள். தொல்லியல் பெரிதா, வாழும் மரபு பெரிதா என்று இந்தோனேசியாவிலும் நம்மிடையேயும் நடக்கிற வாதத்தில் எனக்கு ஆர்வமே போய்விட்டது இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

இந்தக் கவிதையில் நமக்கும் ஓரிடம் உண்டு. ஹயாம் வுரூக்கைப் புகழ்ந்து பாடிய வெளிநாட்டார் என்று இருவரைச் சொல்கிறது 93ஆம் படலம்: ஒருவர் காஞ்சிபுரத்தின் விகாரம் ஒன்றில் இருந்த புத்தாதித்யர் என்ற பிக்கு, போகாவலி என்ற புகழ்மாலை இயற்றியவர். மற்றவர் முதலி சஹ்ருதயர். அந்த 'முதலி'யைப் படித்தபோது சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் இங்கேதான் தமிழ் வாசகர்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தோனேசியா போகிற நம்மவர்கள் பலர் அங்கே நம்முடையது எது என்று மட்டும் தேடுகிறோம். சிவன் இருக்கிறாரா, கிரந்த எழுத்தா, சோழர் வந்தாரா, முடிந்தது. மிச்சமெல்லாம் பின்னணி. பிரபஞ்சா அந்த இருவரையும் குறிப்பிடுவது, எங்கள் அரசனின் புகழ் காஞ்சிவரை எட்டியிருக்கிறது பாருங்கள் என்று பெருமைப்பட. கதையின் நாயகன் அவருடைய ஊர். நாம் அதில் வந்துபோன விருந்தினர். விருந்தினராக ஒரு வீட்டைப் பார்ப்பது எனக்கு இன்னும் நிறையக் காட்டியது.

அப்படிப் பார்த்ததில் ஒன்று வாசல். ட்ரோவுலானில் வ்ரிங்கின் லாவாங் என்று ஒரு நுழைவாயில் இருக்கிறது, 15 மீட்டருக்கு மேல் உயரம், முழுக்கச் செங்கல். ஒரு கோபுரத்தை உச்சியிலிருந்து அடிவரை நேராக இரண்டாக வகிர்ந்து இரண்டு பாதியையும் தள்ளி வைத்தது மாதிரி இருக்கும், நடுவில் வழி, மேலே வானம். சண்டி பெந்தார் என்று இதற்குப் பெயர். அருகிலேயே பஜாங் ராத்து என்ற, மேலே கூரையோடு மூடிய இன்னொரு வகை வாசலும் இருக்கிறது. பாலிக்குப் போனவர்கள் கோயிலுக்குக் கோயில் இந்தப் பிளந்த வாசலைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு கிராமக் கோயிலில் மதில் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவரை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு செங்கற்களுக்கு இடையில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார், இரண்டு முகமும் மழமழவென்று ஒட்டிப் போகும்வரை. தேய்த்ததில் ஊறிய சிவப்புச் சேறுதான் பசை, சாந்து கிடையாது. மூட்டு எங்கே என்று விரலால் தடவினால்தான் தெரிந்தது. ட்ரோவுலான் சுவர்களில் சாந்து தடம் தெரியாமல் கல்லோடு கல் பொருந்தி நிற்பதைப் பார்த்து எப்படி என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த விளக்கம் பாலியில் ஒருவருடைய உள்ளங்கையில் இருக்கிறது.

பாலி இந்து ஊர், மஜாபாகித் வாசல் அங்கே இருப்பதில் வியப்பில்லை என்று தோன்றலாம். குதுஸ் போய்ப் பாருங்கள். நடு ஜாவாவின் வடகரைப் பக்கம் இருக்கும் இந்த ஊரின் பெயரே ஜெருசலேமின் அரபுப் பெயரிலிருந்து வந்தது. 1549இல் சுனான் குதுஸ் என்ற இஸ்லாமிய ஞானி நிறுவிய பள்ளிவாசலின் மினார், பழைய ஜாவாக் கோயில் ஒன்றின் உடம்பை எடுத்து மேலே முரசு மண்டபம் வைத்தாற்போல் சிவந்த செங்கல்லில் நிற்கிறது. வளாகத்துக்குள் நுழைவது பிளந்த வாசல் வழியாக. அந்த ஊரில் பசுமாட்டை அறுப்பதில்லை. இந்து அண்டை வீட்டார் மனம் நோகக் கூடாது என்று சுனான் குதுஸ் சொன்னதாக நம்பிக்கை. அந்த அண்டை வீட்டார் எல்லாம் முஸ்லிம்களாகி நானூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் குதுஸ் சோத்தோ என்ற புகழ்பெற்ற சூப்பில் எருமைக்கறிதான் போடுகிறார்கள். பெருநாள் குர்பானிக்கும் எருமைதான் பார்க்கிறார்கள். கடைக்காரப் பெண்மணி ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "சுனானின் வார்த்தை" என்றார், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை அவருக்கு. இன்னொன்று: மெக்லேன் பொந்த் 1936இல் கெதிரி பக்கம் பொஹ்சாராங்கில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் கட்டினார். ட்ரோவுலானில் அவர் படித்த வடிவங்கள் அங்கே சிலுவையைச் சுற்றி நிற்கின்றன.

ட்ரோவுலானுக்கே திரும்பினால் ட்ரோலோயோ கல்லறைகள். பஸ் பஸ்ஸாக யாத்திரிகர்கள், தெரு முழுக்கத் தொழுகைத் தொப்பியும் பேரீச்சம்பழமும் விற்கிற கடைகள். அங்கே பழைய நடுகற்களில் ஒரு பக்கம் அரபு மொழியில் திருக்குர்ஆன் வரிகள், மறுபக்கம் ஜாவா எண்களில் சக ஆண்டு. சிலவற்றில் கதிர் விரிக்கும் மஜாபாகித் சூரியன். அந்த ஆண்டுகள் பொ.ஆ. 1376இலிருந்து தொடங்குகின்றன. இஸ்லாம் வந்து மஜாபாகித்தை அழித்தது என்றுதான் பள்ளிக்கூடக் கதை. ஆனால் ஹயாம் வுரூக் அரியணையில் இருக்கும்போதே, அரண்மனைக்கு எட்டும் தூரத்தில், ஜாவா முஸ்லிம்கள் அடக்கமாகியிருக்கிறார்கள், அலங்காரத்தைப் பார்த்தால் உயர்குடியினராகவே இருக்க வேண்டும். அகழாய்வின் மதிப்பு எனக்கு இங்கேதான் முழுதாகத் தெரிந்தது. ஒரு தேசம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையைத் திருத்துவதற்குக் கல் வேண்டியிருக்கிறது, நல்லெண்ணம் போதவில்லை.

இந்தோனேசியக் குடியரசு தன் அடையாளத்தைத் தேடியபோது மஜாபாகித்திடம்தான் அதிகமாகக் கடன் வாங்கியது. அரசுச் சின்னமான கருடன் காலில் பிடித்திருக்கும் 'பின்னேக்க துங்கல் இக்க' என்ற வரி எம்பு தந்துலாரின் சுதசோமக் காவியத்திலிருந்து வந்தது. அங்கே அது சிவனும் புத்தரும் வேறாயினும் ஒன்றே என்ற பொருளில் நின்றது, இன்று 17,000 தீவுகளுக்குமான வாசகம். 1976இல் விண்ணுக்கு அனுப்பிய செயற்கைக்கோளுக்கு, மந்திரி கஜா மடாவின் சபதத்திலிருந்து பலாப்பா என்று பெயர். இந்தக் கடனில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மஜாபாகித் எல்லோருக்கும் இனிய நினைவில்லை. 1357இல் புபாத் என்ற இடத்தில், மணப்பெண்ணோடு வந்த சுண்டா அரசனும் அவன் கூட்டமும் கஜா மடாவின் பிடிவாதத்தால் கொல்லப்பட்டதாக ஏடுகள் சொல்கின்றன. மேற்கு ஜாவாவின் சுண்டா மக்கள் இதை மறக்கவில்லை. ஜகார்த்தாவிலும் சுரபாயாவிலும் கஜா மடா சாலை, ஹயாம் வுரூக் சாலை உண்டு, சுண்டா மக்களின் பெருநகரான பாண்டுங்கில் வெகுகாலம் கிடையாது. 2018இல்தான் சுரபாயாவில் சுண்டா சாலையும், சுண்டா அரசன் பெயரில் சிலிவாங்கி சாலையும், பாண்டுங்கில் மஜாபாகித் சாலையும் ஹயாம் வுரூக் சாலையும் வந்தன. 661 வருடத்துக்குப் பிறகு தெருப்பலகையில் ஒரு சமாதானம். பெயர் மாறியதில் தபால் குழப்பம் என்று சலித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் மனது நிறைந்தது.

ஆனால் பெருமை அவசரப்படும்போது என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. மேற்கு ஜாவாவின் சியாஞ்சூர் மலைப்பகுதியில் குனுங் பாடாங் என்று அழகான படிமேடைத் தலம் ஒன்று உண்டு, எரிமலைக் கல்தூண்களை அடுக்கி முன்னோர் அமைத்தது. அந்தக் குன்றே 25,000 வருடத்துக்கு முன் மனிதர் கட்டிய பிரமிடு என்று 2023 அக்டோபரில் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. 2024 மார்ச்சில் இதழ் அதைத் திரும்பப் பெற்றது, ஏனென்றால் காலம் கணித்த மண்ணில் மனிதக் கை பட்ட அடையாளமே இல்லை. வயதைக் கூட்டினால்தான் மதிப்பு வரும் என்ற ஆசை நமக்கும் தெரிந்த ஆசைதான். அந்தத் தலத்துக்கு அந்தப் பொய்யான வயது தேவையே இல்லை.

உண்மையான பழமை வேண்டுமென்றால் சுலாவெசி இருக்கிறது. தெற்கு சுலாவெசியின் மாரோஸ்-பங்கெப் சுண்ணாம்புக் குன்றுகளில், லேயாங் கரம்புவாங் என்ற குகையில் ஒரு பன்றியும் மூன்று மனித உருவங்களும் வரையப்பட்டிருக்கின்றன, குறைந்தது 51,200 வருடத்துக்கு முன். 2024இல் வெளிவந்த அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் அதி அகுஸ் ஒக்தாவியானா என்ற இந்தோனேசியர். பக்கத்துக் குகைகளில் பாறைமேல் கையை வைத்துச் சாயம் ஊதிய கைத்தடங்கள் எண்ணற்றவை. அதே பகுதியில் வாழும் பூகிஸ் மக்களிடம் புது வீடு கட்டினால் அரிசி மாவுக் கரைசலில் கையை நனைத்துத் தூணில் பதிக்கும் வழக்கம் இருக்கிறது, வீட்டுக்குக் காப்பு. இரண்டையும் நேர்க்கோட்டில் இணைக்க எனக்கும் கை துறுதுறுத்தது. இணைக்க முடியாது. பூகிஸ் மொழியைக் கொண்டுவந்த மூதாதையர் அந்தத் தீவுக்கு வந்தது சில ஆயிரம் வருடத்துக்கு முன்புதான். ஆனால் மாவு ஈரம் காயாத தூணைப் பார்த்துவிட்டுக் குகைக்குள் போகிறவர் அந்தப் பாறையைப் பார்க்கும் விதம் வேறு. கைத்தடத்தை எதற்கு வைப்பார்கள் என்று அவர் ஒருதடவை நேரில் பார்த்திருக்கிறார். உப்புப் படிந்து சாயம் உரிந்துகொண்டிருக்கும் அந்தக் குகைகளைச் சுற்றி சிமெண்டுக்காகக் குன்றுகளை உடைக்கிறார்கள். ட்ரோவுலானின் செமென் மெரா நினைவு வந்தது எனக்கு.

ம்பாவைக் கடைசியாகப் பார்த்தது நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு. செகரான் குளத்தங்கரைக் கடையில் பொரித்த வாடர் மீனும் மிளகாய்ச் சம்பலும் வாங்கிக்கொண்டு போனேன். செகரான் என்பது மஜாபாகித் காலத்துக் குளம், 375 மீட்டர் நீளம், இன்றும் தண்ணீரோடு, கரையில் தூண்டில் போட்டவர்களோடு இருக்கிறது. அவர் வீட்டுப் பின்பக்கம் ஓர் உறைகிணறு உண்டு. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டியது, ஜோபோங் என்பார்கள், ட்ரோவுலானில் தோண்டுகிற இடத்திலெல்லாம் கிடைப்பது. பெரும்பாலானவை தூர்ந்தவை. இதில் தண்ணீர் இருந்தது. முதல் வருடம் பார்த்தபோது கிணற்றின் வாய் தரை மட்டத்தில் இருந்தது. நான்கு வருடத்தில் சுற்றிலும் மண் எடுத்து எடுத்து நிலம் தாழ்ந்து, கிணற்றை ஒட்டி மட்டும் இரண்டு பாகம் அகலத்துக்கு மண்ணை விட்டிருந்தார்கள். பள்ளத்துக்கு நடுவே ஒரு மண்மேடை, மேடைக்குள் கிணறு, ஏறிப்போக வெட்டிய நான்கு படி.

பேரனுக்கு அதில் வருத்தம். அங்கே இருப்பதுதான் நல்ல களி, இரண்டு சூளைக்குக் காணும் என்றான். ம்பா அவனுக்குப் பதில் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். அவருடைய அம்மா ருவா மாதத்தில், நோன்புக்கு முன்னால் கல்லறைகளைக் கழுவிப் பூத் தூவப் போவதற்கு முன், இந்தக் கிணற்றடியில் ஒரு கைப் பூ வைப்பாராம். ஏன் என்று அவர் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. அம்மா போன பிறகு இவர் வைக்கிறார். ராஜா காலத்துக் கிணறு என்பதாலா என்று கேட்டேன். "அதுவும்தான். ஆனால் எனக்கு அம்மாவின் கிணறு, மாஸ்" என்றார்.

படியேறி ஒரு வாளி இறைத்துக் கொடுத்தார். முகம் கழுவினேன், சில்லென்றிருந்தது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பேரன் ஓடிப்போய்ப் பச்சைக்கல் அடுக்குமேல் தார்ப்பாயை இழுத்தான், நானும் ம்பாவும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டோம்.